வெளிச்சத்தின் எடை

லண்டனில் டிசம்பர் கடைசியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில்கூட அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரம், அவ்வளவுதான். பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் பாதி நாள் மேகமூட்டம். கோலாலம்பூர் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகையில். தைப்பூசத்துக்கும் 12 மணி நேரப் பகல், தீபாவளிக்கும் 12 மணி நேரப் பகல். மதிய வெயிலில் நடந்து போகிற யாரைப் பார்த்தாலும் ‘ஓரமா நிழல்ல போ’ என்றுதான் இங்கே சொல்வோம். வெளிச்சத்தைப் பிடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தோன்ற எந்தக் காரணமும் இருந்திருக்காது.

அப்படியிருந்தும் இன்ஸ்டாகிராமில் இப்போது எங்கு பார்த்தாலும் சன்ரூம். மூன்று பக்கம் கண்ணாடி, தலைக்கு மேலும் கண்ணாடி, பிரம்பு நாற்காலி, மூலையில் பெரணிச் செடி, மடியில் ஒரு புத்தகம். இங்கிலாந்துக்காரர்கள் இதைக் கன்சர்வேட்டரி என்பார்கள். நான் கட்டடங்களுக்குக் குளிரூட்டல் கணக்குப் போடும் வேலையில் இருப்பவன். இந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது கிலோவாட்தான், ரசனை அப்புறம். ஆனாலும் விரலால் தள்ளிவிட்டுப் போகவும் மனசு வருவதில்லை. அந்த அறையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்று தேடிக்கொண்டு போனதில் ஒரு முனை லண்டனிலும் இன்னொரு முனை பேராக்கிலும் வந்து நின்றது.

ஆரம்பத்தில் அது மனிதர்களுக்கான அறையே இல்லை. ஆரஞ்சு மரங்களுக்கானது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் உள்ளே இழுத்து வைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஆரஞ்சரி என்று பெயர். 14ஆம் லூயிக்காக வெர்சாயில் மான்சார் 1680களில் கட்டியது அதில் பிரம்மாண்டமான ஒன்று. தெற்குப் பக்கம் உயரமான சன்னல்கள், மற்றபடி கனமான கல் சுவர், கல் கூரை. செடிக்குச் சூடு போதும் என்றுதான் அப்போது நினைத்தார்கள். இலைக்கு வெளிச்சம் எதற்கு என்று இங்கன்ஹவுஸ் சோதனை செய்து சொன்னது 1779இல். அதன் பிறகுதான் கூரையையும் கண்ணாடியாக மாற்ற வேண்டும் என்ற வேகம் வருகிறது.

மாற்றலாம்தான், ஆனால் இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது. 1746 முதல் 1845 வரை, கிட்டத்தட்ட 100 வருஷம், கண்ணாடியை எடை போட்டு வரி வசூலித்தார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே வரி அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எடைக்கு வரி என்றால் உற்பத்தியாளர் என்ன செய்வார்? மெல்லியதாக ஊதுவார், சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவார். இது போதாதென்று வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று எண்ணி வாங்கும் சன்னல் வரி வேறு, 1696 முதல் 1851 வரை. வரி கட்ட முடியாமல் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் இங்கிலாந்தில் இன்றும் நிற்கின்றன. நகரத்து ஏழைகள் வாழ்ந்த கட்டடங்களில் அடைபட்ட சன்னல்தான் சாதாரணம். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் மக்கள் நோயில் விழுகிறார்கள் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஆக, வெளிச்சம் நிறைந்த அறை என்பது முதல் நாளிலிருந்தே பணத்தின் அடையாளம். அழகு என்ற பெயரில் நாம் இன்று அதைப் பார்த்து மயங்குவதில் இந்தப் பழைய வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வரி இருந்த காலத்திலேயே இரண்டு பேர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் ஜான் கிளாடியஸ் லவுடன். 1816இல் அவர் வளைக்கக்கூடிய தேனிரும்புச் சட்டம் ஒன்றை உருவாக்கினார். மரச்சட்டம் தடிமனானது, நிழல் விழும். இரும்பு மெல்லியது, வளைத்துக் குவிமாடமாக ஆக்கலாம், நாள் முழுக்கச் சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு கண்ணாடி அதற்கு நேராக நிற்கும். லண்டனில் போர்செஸ்டர் டெரஸ் என்ற தெருவில் தனக்கென்று கட்டிய வீட்டின் முன்புறத்திலேயே அப்படியொரு கண்ணாடிக் குவிமாடத்தை வைத்தார். தோட்டத்து மூலையில் இருந்த கண்ணாடி வீடு மனிதர்கள் வசிக்கும் வீட்டோடு ஒட்டத் தொடங்கியதில் லவுடனின் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொருவர் நத்தானியல் வார்டு. கிழக்கு லண்டனில் டாக்டர். நிலக்கரிப் புகையில் அவர் வீட்டுப் பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் வைத்து, மூடிய கண்ணாடிப் புட்டியில் அடைத்தார். பூச்சி வருகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். அவர் கண்டது வேறு: மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து இரவில் மண்ணுக்கே திரும்புகிறது, வெளிப்புகை உள்ளே வருவதில்லை. 1833இல் இரண்டு பெட்டிகளில் செடிகளை அடைத்துச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் உயிரோடு திரும்பி வந்தன.

வார்டியன் பெட்டி என்று பெயர் பெற்ற இந்தச் சாமான், பார்க்க ஒரு குட்டி வீடு மாதிரி இருக்கும். சாய்ந்த கண்ணாடிக் கூரை, கீழே மரப்பெட்டி. அதன் சிறிய, அலங்காரமான வடிவம் இங்கிலாந்து வரவேற்பறைகளுக்குள் புகுந்தது. பெரணி வளர்ப்பது ஒரு பித்தாகவே மாறி, சார்ல்ஸ் கிங்ஸ்லி 1855இல் அதற்கு ‘டெரிடோமேனியா’ என்று நோய்ப்பெயர் மாதிரி ஒன்றைச் சூட்டினார். வார்டு நல்ல மனிதர். தன் பெட்டி ஏழைகளின் வாழ்க்கையை எப்படி மேம்படுத்தும் என்று 1842இல் வெளியிட்ட தன் நூலில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டி ஏழைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு முன் ஜோசப் பாக்ஸ்டன். என் துறைக்காரர்கள் இவரைப் பற்றிப் பேசினால் குரல் கொஞ்சம் மாறும். ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பொறியியல் பட்டம் எதுவும் கிடையாது, 23 வயதில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரர். அங்கே 1836இல் ‘கிரேட் ஸ்டோவ்’ என்ற கண்ணாடிக் கட்டடத்தைத் தொடங்கினார். நீளம் 277 அடி, அகலம் 123 அடி. கண்ணாடிக்காரர்கள் 3 அடி நீளத்துக்கு மேல் முடியாது என்றபோது, 4 அடி வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினார். 1843இல் விக்டோரியா மகாராணி வந்தபோது குதிரை வண்டியிலேயே அதற்குள் போனார். வெளியே டிசம்பர் குளிர். உள்ளே வாழை, பனை, ஈரமான சூடு. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கே சிலிர்க்கிறது.

ஆனால் அந்தச் சூடு சூரியனிடமிருந்து மட்டும் வரவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் ஏன் சூடு தங்குகிறது என்பதற்குப் பள்ளியில் நாம் படித்த விளக்கம் பாதிதான் சரி. அகச்சிவப்புக் கதிர் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்வதைவிட, சூடான காற்று மேலே எழுந்து ஓட முடியாமல் அடைபடுவதே முக்கியக் காரணம். ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இரண்டு சின்னப் பெட்டிகளை வைத்து இதைக் காட்டினார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு அகச்சிவப்பை விட்டுவிடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு. எதுவானாலும் இங்கிலாந்தின் குளிர்கால இரவில் இரண்டாலும் பயனில்லை, மெல்லிய கண்ணாடி சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தரைக்கடியில் கொதிகலன்கள், மைல் கணக்கில் வெந்நீர்க் குழாய், மலை மலையாக நிலக்கரி. புகைபோக்கியைக்கூட விருந்தினர் கண்ணில் படாமல் தள்ளி வைத்தார்கள். பெரிய வீட்டுத் தோட்டங்களில் இரவெல்லாம் விழித்திருந்து அடுப்புக்குக் கரி தள்ளியது வேலை கற்க வந்த பையன்கள். முதலாம் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் கிரேட் ஸ்டோவின் செடிகள் பட்டுப்போயின. 1920இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

1845இல் கண்ணாடி வரி ஒழிந்தது. ஆறு வருஷத்தில், 1851இல், பாக்ஸ்டன் லண்டன் ஹைட் பார்க்கில் 1,848 அடி நீளத்துக்குக் கிரிஸ்டல் பேலஸை எழுப்பினார். பூங்காவில் நின்ற பெரிய எல்ம் மரங்களை வெட்டாமல் அப்படியே உள்ளே விட்டுக் கூரை போட்டார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன லட்சக்கணக்கான பேருக்குத் தன் வீட்டிலும் ஒரு துண்டு வேண்டும் என்று ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. 1858இல் பாக்ஸ்டனே, கழற்றி மாட்டக்கூடிய மலிவான கண்ணாடி வீட்டுக்குக் காப்புரிமை வாங்கி ‘மில்லியன் பேருக்கான கண்ணாடி வீடு’ என்று விளம்பரம் செய்தார். வார்ப்பிரும்புத் தூண்களையும் சட்டங்களையும் அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கலாம், ரயிலில் வரும். வரவேற்பறையிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் பெரணியும் பனையும் ஈர மண் வாசனையும். மழையில் நனையாமல், காலில் சேறு படாமல், ஆனால் வெளியே இருப்பது போலவே இருக்கலாம். விக்டோரிய நாவல்களில் காதலைச் சொல்ல அந்த அறைக்குள் போவார்கள். வீட்டிலும் சேராத, வெளியிலும் சேராத இடம் என்பதால் அங்கே பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அவர்கள் அந்த அறைக்குள் கட்டிப் பார்த்தது நம் ஊர்க் காலை ஏழு மணியைத்தான். ஈரம், பச்சை, சட்டை நனையாத சூடு. நமக்கு அது சும்மா கிடைக்கிறது, அவர்கள் அதற்கு இரும்பும் கண்ணாடியும் கரியும் செலவழித்தார்கள்.

நம் கதை நுழையும் இடம் கியூ தாவரவியல் பூங்கா. ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை ஏற்றிக்கொண்டு 1876 ஜூன் மாதம் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அவை கியூவின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே விதைக்கப்பட்டன. முளைத்தவை ஏறக்குறைய 2,700. நூற்றுக்கு நான்கு. அந்த ஆகஸ்டிலேயே 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. அடுத்த வருஷம், 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதில் 9 கன்றுகள் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்டின் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறை மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னமும் நிற்கிறது, வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் பூங்காவுக்கு 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு காப்பித் தோட்டத் துரைகளிடம் கெஞ்சினார், பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான்தான் முதலில் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். பிறகு கார் வந்தது, டயர் வந்தது. 1910இல் லண்டன் பங்குச் சந்தையில் ரப்பர் பங்குகள் எகிறின. இங்கே காடு அழிந்து வரிசை வரிசையாகப் பால்மரம். வெட்டக் கை வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

வார்டியன் பெட்டிகளைக் கப்பலில் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. சரக்கறையில் போடக்கூடாது, மேல்தளத்தில், வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு வந்த நம் ஆட்களும் டெக் பயணிகள்தான். கன்றும் டெக், கூலியும் டெக். ஆனால் கன்றுக்குக் கண்ணாடிக் கூரை இருந்தது. இதை ஒரு குத்தலாக மட்டும் சொல்லவில்லை. ஓர் உயிர் புதிய இடத்தில் பிழைக்க எவ்வளவு ஈரம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காற்று வேண்டும் என்று அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. செடிக்காக அதைக் கணக்குப் போட்டுப் பெட்டி செய்யவும் தெரிந்திருந்தது. அதே அறிவு லயத்தைக் கட்டும்போது எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. புதிதாகத் திறந்த தோட்டங்களில் மலேரியாவில் தமிழர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் போன்றவர்கள் கொசுவையும் வடிகாலையும் பற்றிப் போராடித்தான் நிலைமை மெல்ல மாறியது.

என் அம்மா பிறந்தது பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில். பாட்டி பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டு, தலையில் விளக்கு, அப்புறம் மரத்துக்கு மரம். ரப்பர் தோப்புக்குள் பகலிலும் பச்சை இருட்டுதான், இலை வெளிச்சத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்தால் பலகைச் சுவரும் தகரக் கூரையும் ஒரே ஒரு மரச் சன்னலும் உள்ள அறை. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டின் அடுப்புப் புகை. வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை எல்லாம் அஞ்சடியில் நடக்கும்: அரிசி புடைப்பது, பேன் பார்ப்பது, பள்ளிக்கூடப் பாடம் எழுதுவது, சண்டை போடுவது. அந்த அஞ்சடிதான் லயத்தின் சன்ரூம் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். எல்லார் கண்ணும் படுகிற இடம் அது. கதவை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார அங்கே யாருக்கும் வழியில்லை.

இப்போது இருப்பது தாமானில் ஓர் இணைப்பு வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் நடு அறைகளுக்குப் பகலிலும் லைட் போட வேண்டும். அம்மா ஒருநாள் கேட்டார், “பின்னால சமையலறைக்கு மேல கண்ணாடி மாதிரி போட்டுடலாமாய்யா?”

நான் கணக்கைச் சொன்னேன். நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். 10 சதுர மீட்டர் கூரை, நிறம் பூசிய தகடு பாதியைத் தடுத்தாலும் 5,000 வாட் உள்ளே வரும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரண்டை முழு நேரமும் ஓட்டினால்தான் அதை வெளியே தள்ள முடியும். இங்கிலாந்துக்காரன் சூட்டைத் தேடிக் கட்டிய அறை, நாம் அதை இங்கே கட்டினால் சூட்டைத் துரத்தக் கரண்டு கட்டணும்மா என்றேன்.

“சூடு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் தகரத்துக்குக் கீழதான் இருந்தேன். சூடு பழகிடும். இருட்டுதான் பழகல.”

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, வரைபடம்தான் இருந்தது. மேற்குச் சுவரைக் கண்ணாடியாக்காமல் கல்லாகவே விட்டோம். கூரையில் பாதிக்கு மட்டும் பாலிகார்பனேட் தகடு, மற்ற பாதிக்கு ஓடு. இரண்டும் சேரும் உச்சியில் சூடான காற்று வெளியேற நீளமாக ஓர் இடைவெளி, மழை உள்ளே அடிக்காதபடி அதன்மேல் சாய்வாகப் பட்டைகள். கீழே குளிர்ந்த காற்று நுழையத் தரையோரம் துளைச்செங்கல். காற்றை அடைத்து வைப்பது கன்சர்வேட்டரியின் தந்திரம் என்றால் இது அதைத் தலைகீழாகப் போட்டது. பழைய சீனக் கடைவீடுகளின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்குமே ஒரு குழி, அதிலிருந்தும், எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் செட்டிநாட்டு முற்றத்திலிருந்தும் எடுத்த யோசனை இது. கோன்ட்ரேக்டருக்கு இது ஏன் என்று கடைசிவரை புரியவில்லை.

அம்மா அங்கே ஏழு மணிக்குக் காப்பியோடு உட்காருவார், நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். கதவைச் சாத்திக்கொள்வார். பத்து மணிக்கு மேல் யாராலும் அங்கே இருக்க முடியாது. மூலையில் தொங்கும் பெரணி காசு கொடுத்து வாங்கியதில்லை, பழைய தோட்டத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது செம்பனை மரத்தின் உடம்பில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அதற்கு நிழல்தான் பிடிக்கும். ஒன்பதரைக்கெல்லாம் அம்மா எழுந்து அதைக் கழற்றி, உள்ளே குளியலறை வாசலில் மாட்டிவிடுவார்.